வேலம்மாள் என்கிற மா கின் தான்

அற்புதசாமி எழுதிக் கொடுத்த மனு எதுவும் திரும்பி வந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லுவார், ஒரு நாளைக்கு நாலு தரமாவது. திருச்சி கலெக்டர் ஆபீஸ் சுற்றுச்சுவருக்கு வெளியே புங்க மரத்தடியில் அவருக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மனு எழுத வருகிறவர் உட்கார ஒரு முக்காலி. இருபத்தெட்டு வருஷமாக அதே இடம். பட்டா மாற வேண்டுமா, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வேண்டுமா, வாய்க்கால் தண்ணீரைப் பங்காளி மறித்துவிட்டானா, அவரிடம் வந்து சொன்னால் போதும். முழுக்கச் சொல்லக்கூட வேண்டாம். பாதி சொல்லும்போதே பேனா ஓட ஆரம்பித்துவிடும். மீதியை அவரே போட்டுக்கொள்வார்.

நான் அப்போது பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. மேலப்புதூரில் அவர் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். சாப்பாடு கீழே, அவர் மனைவி வியாகுலம்மாள் கையால். என்னோடு காலேஜ் பிள்ளைகள் ஆறு பேர் அங்கே சாப்பிட்டார்கள். விடியற்காலை நாலரைக்கு அடுப்பு மூட்டினால் அந்த அம்மாள் உட்காருவது மத்தியானம் மூன்று மணிக்குத்தான். புகையில் கண் எப்போதும் சிவந்திருக்கும். வாய் மட்டும் ஓயாது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி அவ்வளவு சத்தமாக அந்த வீட்டை வைத்திருந்தாள். அற்புதசாமியிடம் நேருக்கு நேர் நின்று, நீங்கள் சொல்வது தப்பு என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் ஊரில் அவள்தான். அவரும் கேட்டுக்கொள்வார், கேட்காதது மாதிரி.

அறுபத்தைந்தாம் வருஷம், ஜூன் மாதக் கடைசி. காவிரியில் தண்ணீர் வந்து பத்து நாளிருக்கும். எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் அற்புதசாமி வழக்கத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார், பின்னால் இரண்டு பேர்.

"வியாகுலம், ரெண்டு இலை சேத்துப் போடு."

"யாருங்க?"

"பர்மாவுலேருந்து வந்தவங்க. லால்குடி பக்கம். காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை."

"சாப்பிட்டோம்னு சொன்னோங்களே ஐயா" என்றார் வந்தவர் தணிந்த குரலில்.

"சொன்னீங்க. உங்க முகம் சொல்லலையே."

வந்தவர் பெயர் வீரமலை. ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, தோளில் கட்டம் போட்ட துண்டு. கூட இருந்தது அவர் மகள் வேலம்மாள், பதினெட்டு வயது. இரவல் தாவணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அது அவளுக்குப் பழக்கமில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது, ஒரு கை எப்போதும் இடுப்பைப் பிடித்தபடியே இருந்தது.

வீரமலை இருபது வயதில் கப்பலேறிப் போய், பசீன் என்கிற ஊரில் அரிசி மில்லில் மூட்டை தூக்கி, அங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, ஓட்டு வீடு ஒன்றும் கட்டியிருந்தார். போன வருஷம் எல்லாம் போயிற்று. கடையும் மில்லும் சர்க்காருடையது என்றார்கள், வேலை உள்ளூர்க்காரனுக்கு என்றார்கள். துறைமுகத்தில் சோதனை போட்டவர்கள் அவர் மனைவி காளியாயியின் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் கப்பலில் ஏற்றினார்களாம். இப்போது லால்குடிக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டில் ஒண்டல். காளியாயி நடவுக்குப் போகிறாள். வேலம்மாள் பர்மாவில் பள்ளிப் படிப்பை முடித்தவள். கணக்கில் கெட்டிக்காரி.

"எங்க அண்ணன் சொல்லிட்டாருங்க" என்றார் வீரமலை, இலையைப் பார்த்துக்கொண்டே. "இந்த வருசம் காலேஜுல எடம் கிடைச்சா படிக்கட்டும், இல்லைன்னா அவர் மச்சினனுக்குக் கட்டி வச்சிரலாம்னு. அவர் நிழல்ல இருக்கோம். நான் என்னத்தச் சொல்றது."

"மச்சினனுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள் வியாகுலம்மாள்.

"முப்பத்தெட்டு. மூத்த தாரம் தவறிப் போச்சு."

வியாகுலம்மாள் வேலம்மாளின் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். சாப்பாடு முடிந்ததும் சொன்னாள்: "லால்குடியிலேருந்து தெனம் பஸ் ஏறி வந்து அலைய வேண்டாம். எடம் கிடைக்கிற வரைக்கும் புள்ள இங்கேயே இருக்கட்டும். எனக்கும் கைக்கு ஒத்தாசை."

அப்படித்தான் வேலம்மாள் அந்த வீட்டுக்கு வந்தாள்.

அவளைப் புரிந்துகொள்ள எங்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு முன்னால் அவள் நிமிர்ந்து நடக்க மாட்டாள். முதுகை வளைத்துக் குனிந்துகொண்டே கடந்து போவாள்.

"நெலப்படி ஒசரமாத்தான் இருக்கு, தலையில இடிக்காது. நிமிந்து வாம்மா" என்பாள் வியாகுலம்மாள்.

"ஐயா உக்காந்திருக்காங்கம்மா."

"அவர் உக்காந்தா உக்காந்துட்டுப் போறாரு."

டம்ளரோ தட்டோ எதைக் கொடுத்தாலும் வலது கையை நீட்டி, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டபடிதான் வாங்குவாள். இதைப் பார்த்துவிட்டு வியாகுலம்மாள், பிள்ளைக்கு முழங்கையில் பிடிப்பு என்று முடிவு செய்தாள். கப்பலில் மூட்டை தூக்கியிருக்கும், பாவம் என்று சொல்லி, தைலத்தைக் காய்ச்சிச் சூட்டோடு தேய்த்துவிட்டாள். மூன்று நாள் காலையும் மாலையும் தேய்த்தாள். வேலம்மாள் மூன்று நாளும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் நான்தான் கேட்டேன், வலி இப்போது எப்படி இருக்கிறது என்று.

"வலி இல்லீங்க அண்ணே. அது எங்க ஊர் மரியாதை. பெரியவங்க கிட்ட வாங்கும்போது அப்படித்தான் வாங்கணும்."

"அடிப்பாவி, மொத நாளே சொல்லக் கூடாதா?" என்றாள் வியாகுலம்மாள்.

"அம்மா ஆசையாத் தேச்சு விட்டீங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது? பெரியவங்க செய்யறத நடுவுல மறிச்சா அவங்க மனசு சங்கடப்படும். அங்க அப்படிச் செய்ய மாட்டோம்."

நாங்கள் சிரித்தோம். சிரித்ததோடு விட்டது எங்கள் தப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை வாழைத்தண்டு பொரியல். வேலம்மாள் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் நிறைந்துவிட்டது. மீன் கொதிக்க வைத்த சாற்றில் வாழைத்தண்டைப் போட்டு, அரிசி மாவு கரைத்துவிட்டு, இடியாப்பம் மாதிரி ஒன்றின் மேல் ஊற்றிக் காலை வேளையில் சாப்பிடுவார்களாம் அங்கே. அடுத்த வெள்ளிக்கிழமை வியாகுலம்மாள் காந்தி மார்க்கெட்டுக்குப் போய்க் கெண்டை மீன் வாங்கி வந்து, அடுப்படியை அவளிடம் விட்டுவிட்டு ஓரமாக நின்றாள். காலேஜ் பிள்ளைகள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள், பிறகு சட்டியை வழித்தார்கள். அன்றைக்குத்தான் வேலம்மாள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் கோவிலுக்குக் கிளம்பும்போது, "நீயும் வரியாம்மா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார் அற்புதசாமி. அவள் உடனே வந்தாள். மாதா கோவிலில் பெண்கள் வரிசைக் கடைசியில் உட்கார்ந்து, எல்லோரும் எழும்போது எழுந்து, மண்டியிடும்போது மண்டியிட்டாள். அவ்வளவு பாந்தமாக மண்டியிடுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை என்று திரும்பி வந்து சொன்னார். பசீனில் அவள் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் என்பதையும் எப்போதோ கேட்டு வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்து மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டார். அவள் அப்பா நெற்றியில் இருந்த திருநீறு அந்தக் கணக்கில் வரவில்லை.

விண்ணப்பம் போட்டிருந்தது கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் காலேஜுக்கு. அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பர்மாவிலிருந்து கொண்டுவந்த பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயர் மா கின் தான். அகதிகளுக்கு இங்கே கொடுத்த அட்டையில் இருந்த பெயர் வேலம்மாள். இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு எழுத்துமூலம் ஏதாவது வேண்டும் என்றார்கள் புகுமுக வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கியவர்கள்.

"இவ்வளவுதானே?" என்றார் அற்புதசாமி. சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதினார்.

இந்த இடத்தில் எங்கள் தெரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மேலப்புதூரில் ஒருவருக்கும் ஒரு பெயர் கிடையாது. கோவில் புத்தகத்தில் அந்தோணி அற்புதசாமி என்றிருக்கும், வீட்டில் ராசு. வியாகுலம்மாளைப் பிறந்த வீட்டில் தங்கம் என்பார்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று. எந்த ஆபீஸில் சந்தேகம் வந்தாலும் 'ஞானஸ்நானப் பெயர் இன்னது' என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்துவிடும். கையும் அந்த வரிக்குப் பழகிவிட்டது. எழுதி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

'மேற்படி வேலம்மாள் என்பவருக்கு ஞானஸ்நானப் பெயர் மா கின் தான் என்றும், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்றும் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.'

"எப்படிம்மா இருக்கு?"

வேலம்மாள் ஒரு நிமிஷம் தாளைப் பார்த்தாள். "நல்லா இருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, புதிதாகப் பழகின தமிழ் எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். அவர் வாசித்தால் அப்படித்தான், எல்லாம் சரியாகவே கேட்கும்.

ஜூலை மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலேஜிலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பத்தில் மதம் இந்து என்றிருக்கிறது, மனுவில் ஞானஸ்நானப் பெயர் என்றிருக்கிறது. எது உண்மை? ஞானஸ்நானம் பெற்றது உண்மையானால் பங்குக் கோவில் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை முடித்துவிடுவார்கள்.

அற்புதசாமி கடிதத்தை மூன்று தரம் படித்தார். பிறகு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"ஏம்மா, உனக்கு எந்தக் கோவில்ல ஞானஸ்நானம் கொடுத்தாங்க?"

வேலம்மாள் அம்மியிலிருந்து எழுந்தாள். தலை குனிந்திருந்தது.

"வாங்கவே இல்லையா?"

"இல்லீங்க ஐயா."

"அப்புறம் ஏன் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முகம் கறுத்துவிட்டது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு வருத்தம் அந்தப் பெண்ணுக்காகவா, திரும்பி வந்த மனுவுக்காகவா என்று கேட்டால், அன்றைக்கு மனுவுக்காகத்தான் என்று சொல்லுவேன். இருபத்தெட்டு வருஷப் பெருமை லேசில் இறங்காது.

மறுநாள் மத்தியானம் ஆடிக் காற்று தெருப் புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தபோது வீரமலை வந்து சேர்ந்தார். தோளில் அரை மூட்டைப் புழுங்கல் அரிசி. லால்குடியிலிருந்து யாரோ வந்தவன், மாதா கோவிலில் வேலம்மாள் மண்டியிட்டதைப் பார்த்துவிட்டு ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறான். அண்ணன் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டதாம். அற்புதசாமி எல்லாவற்றையும் சொன்னார். கடிதத்தை வாசித்தும் காட்டினார்.

நான் சண்டையை எதிர்பார்த்தேன். மாடிப்படியில் தயாராக நின்றுகொண்டிருந்தேன், விலக்கிவிட.

வீரமலை தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "ஐயா, நீங்க எழுதினா அதுல ஒரு காரணம் இருக்கும்."

"காரணம் ஒண்ணும் இல்லீங்க. நானா நெனச்சுக்கிட்டேன்."

"இருக்கட்டுங்க. இப்ப அந்தச் சர்ட்டிபிகேட்டு இருந்தா எடம் கிடைச்சிருமா?"

அற்புதசாமி தயங்கினார். "கிடைக்கும். பர்மாவுல வாங்கினது, கோவில் புஸ்தகம் அங்க நடந்த உள்நாட்டுச் சண்டையில எரிஞ்சு போச்சுன்னு ஒரு மனு எழுதலாம். நீங்க ஆமான்னு கையெழுத்துப் போட்டா போதும். யாரும் போய்ப் பாக்க முடியாது."

சொல்லிவிட்டு அவரே தலையைத் திருப்பிக்கொண்டார்.

"எழுதுங்க" என்றார் வீரமலை. "எங்க அண்ணன் எங்கள வெளிய அனுப்புனா அனுப்பட்டும். ஒரு மாசமா எம் புள்ளைக்குச் சோறு போட்டிருக்கீங்க. கப்பல விட்டு எறங்கினதுலேருந்து எங்கள உக்காருன்னு சொன்ன மொத வீடு இதுதான். உங்க எழுத்த நான் பொய்யாக்க மாட்டேங்க. ஆயி, நீ என்ன சொல்ற?"

"அப்பா சொல்றபடிங்க" என்றாள் வேலம்மாள்.

வியாகுலம்மாள் அதுவரைக்கும் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"இந்தாங்க, உங்களைத்தான். அந்தப் பேனாவ மூடி வைங்க."

"வியாகுலம், புள்ளையோட படிப்பு..."

"அந்தாளு சாமி கும்புடற மனுசன். நெத்தியப் பாத்தா தெரியலை? நாம போட்ட சோத்துக்காகத் தன் சாமியவே இல்லைன்னு சொல்லக் கிளம்பிட்டாரு. அந்த வெலைக்கா நான் ஒல வச்சேன்? இந்தச் சோறு எனக்கு எப்படிச் செரிக்கும்?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வீரமலையின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க எங்களுக்கு ஒண்ணும் தர வேண்டாம். இவ வந்த அப்புறந்தான் இந்த வீட்டுல எனக்குன்னு ஒருத்தி உக்காந்து பேசுறா. நன்றி சொல்லணும்னா நாங்க சொல்லணும். நாளைக்குக் காலையில இவர் போயி, தப்பு என்னுதுன்னு அந்த மதர்கிட்ட சொல்லுவாரு. நாங்க ரெண்டு பேரும் கூடப் போறோம்."

வீரமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அற்புதசாமி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை, ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. காலேஜ் தலைவி கன்னியாஸ்திரீ. மெலிந்த தேகம், மூக்குக் கண்ணாடி, அதிகம் பேசாதவர். எங்கள் எல்லோரையும் உள்ளே விட்டார்கள். வியாகுலம்மாளும் வேலம்மாளும் மேஜைக்கு முன்னால், நான் கதவோரம்.

"சொல்லுங்க. மனு நீங்க எழுதினதா?"

"ஆமாங்க மதர்."

"அதுல இருக்கறது உண்மையா?"

வீட்டிலிருந்து வரும்போது வழி நெடுக அற்புதசாமி சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். இப்போது வாய் வரவில்லை. வேட்டி நுனியைச் சரிசெய்தார், இருமினார். அலமாரியில் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளை ஒரு பார்வை பார்த்தார். அதில் பாதி அவர் எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம்.

"மதர், நான் மனு எழுதறவன். கட்சிக்காரங்க சொல்றத எழுதறதுதான் என் வேலை. சின்னப் புள்ள ஏதோ தெரியாம சொல்லிருச்சு. நானும் எழுதிட்டேன்."

வியாகுலம்மாள் திரும்பி அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படின்னா பொண்ணுதான் தப்பான தகவல் கொடுத்திருக்கா. உண்மையல்லாததை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கா. இப்படி ஆரம்பிக்கிற பிள்ளைக்கு நான் இடம் கொடுக்கறதில்லை. ஏம்மா, இவர் சொல்றது சரியா?"

வேலம்மாள் இடுப்பிலிருந்த கையை எடுத்தாள். வெளியே காற்றில் ஜன்னல் கொக்கி அடித்துக்கொண்டது கேட்டது. அவள் ஆமாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். முழங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணல்லவா.

"இல்லீங்க மதர்" என்றாள். "ஐயா சொல்றது தப்பு. நான் அப்படிச் சொல்லல. ஐயாவாத்தான் எழுதினாங்க. வாசிச்சுக் காட்டும்போதே எனக்குத் தெரியும் தப்புன்னு. பெரியவங்கள மறுத்துப் பேசக்கூடாதுன்னு பேசாம கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு. மத்தது இல்லை."

குரல் நடுங்கவில்லை.

"அப்ப மா கின் தான் யாரு?"

"நான்தாங்க. அங்க எந்தக் கிழமை பொறந்தாங்களோ அதுக்குன்னு எழுத்து உண்டு. நான் திங்கக்கிழமை பொறந்தேன். திங்கக்கிழமைக்குக் ககர வரிசை. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது டீச்சர் கின் தான்னு பேர் வச்சாங்க. மா-ங்கிறது பொண்ணுங்க பேருக்கு முன்னால போடறது. எல்லாத் தமிழ்ப் புள்ளைங்களுக்கும் அப்படி ஒரு பேர் உண்டுங்க. வீட்டுல வேலம்மாள், எங்க குலதெய்வத்துப் பேரு."

தலைவி அற்புதசாமியைப் பார்த்தார். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"புள்ள சொல்றதுதான் உண்மை மதர். நான் கேக்கவே இல்லை. பாதி கேட்டு மீதியை நானே போட்டுக்கறது என் வழக்கம். இப்பக் கூட பழியைத் தூக்கி அது தலையில வச்சேன். இருபத்தெட்டு வருசத்துல என் எழுத்தைத் திருத்தினது இதுதான் முதல் ஆளு."

தலைவி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தகப்பனாரும், பர்மாவில் இவளை அறிந்த இன்னொருவரும் நோட்டரி முன்னால் சத்தியம் செய்து உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். நாளை மத்தியானம் பன்னிரண்டுக்குள்.

வெளியே வந்ததும் அற்புதசாமி வேலம்மாளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேச நேரமில்லை, நடங்க" என்றாள் வியாகுலம்மாள்.

பர்மாவில் அவளை அறிந்தவளாக வஹீதா இருந்தாள். பசீனில் பக்கத்து வீடு, இப்போது பாலக்கரையில் தையல் மெஷின் வைத்திருந்தாள். அங்கே விசாரித்த இரண்டாவது தெருவிலேயே ஆள் கிடைத்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் பாதி தைத்த ரவிக்கையை அப்படியே விட்டுவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் லால்குடிக்கு ஓடி, முந்தின நாளே ஊர் திரும்பியிருந்த வீரமலையைக் கூட்டி வந்தேன். சாயங்காலம் எல்லோரும் பஸ் ஏறி, இரு கரையும் தொட்டு ஓடும் காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் அற்புதசாமிக்குத் தெரிந்த நோட்டரி வக்கீல் வீட்டுக்குப் போனோம். வக்கீல் நாமமும் பஞ்சகச்சமுமாகக் கோவிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கோ, உக்காருங்கோ. அற்புதசாமி, நீரே எழுதிண்டு வந்துட்டீரா?"

"இல்லீங்க சாமி. இந்தத் தடவை அவங்க சொல்லச் சொல்லத்தான் எழுதணும். நான் எழுதறேன், அந்தப் பொண்ணு படிச்சுப் பாத்து ஆமான்னு சொன்ன பிறகு நீங்க கையெழுத்துப் போடுங்க."

வக்கீல் அவரை ஆச்சரியத்தோடு பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். வஹீதாவைக் கேட்டார்: "பகவான் சாட்சியா சொல்லணும். இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளா?"

"அல்லா சாட்சியா ஒரே ஆளுங்க. நான்தான் கையப் புடிச்சுப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போவேன். எனக்கே அங்க மா மியா சேன்னு இன்னொரு பேரு."

"நம்ம பெருமாளுக்கு ஆயிரம் திருநாமம். குழந்தைக்கு ரெண்டுதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று வக்கீல் சிரித்தார்.

வேலம்மாள் பத்திரத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு இடத்தில் நிறுத்தினாள். பிறந்த தேதி ஒரு நாள் தள்ளியிருந்தது. தாயார் பெயர் காளியம்மாள் என்று விழுந்திருந்தது, காளியாயி என்றிருக்க வேண்டும். அற்புதசாமி ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். வீரமலை கட்டை விரலை மையில் அழுத்தினார்.

சனிக்கிழமை பதினொன்றேகாலுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனக்கு அரை நாள் வேலை. ஒரு மணிக்குப் பொன்மலையிலிருந்து வந்து சேர்ந்தபோது வீடு முழுக்க ஆள். வஹீதா இருந்தாள். நடவு முடித்த காலோடு காளியாயியும் பஸ் ஏறி வந்திருந்தாள். மச்சினன் பேச்சை அண்ணன் விட்டுவிட்டதாக வீரமலை சொன்னார், அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது. வியாகுலம்மாள் இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது வேலம்மாள் கூடத்தின் நடுவில் வந்து அற்புதசாமிக்கும் வியாகுலம்மாளுக்கும் முன்னால் மண்டியிட்டாள். அவள் இரு பக்கமும் வீரமலையும் காளியாயியும். கை கூப்பி, நெற்றி தரையில் படக் குனிந்தார்கள்.

அற்புதசாமி பதறிப்போனார். "எந்திரிங்க, எந்திரிங்க. முழங்கால் போடறது ஆண்டவருக்கு மட்டுந்தான். மனுசனுக்குப் போடக் கூடாது, அது பெரிய தப்பு."

வேலம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

"இல்லீங்க ஐயா. அது உங்க வழக்கம். எங்க ஊர்ல பெத்தவங்களுக்கும், பெத்தவங்க மாதிரி இருக்கறவங்களுக்கும் மூணு தரம் உண்டு. நீங்க சொல்றதுதான் தப்பு."

சொல்லிவிட்டு இரண்டாம் தரம் குனிந்தாள்.

அற்புதசாமி வாயைத் திறந்தார். வியாகுலம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தானும் அவர்களுக்கு எதிரில் மண்டியிட்டார். வியாகுலம்மாளும் கையிலிருந்த இலையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்றாம் தரம் அந்தப் பெண்ணின் நெற்றி தரையைத் தொட்டபோது அவர் கன்னம் முழுக்க நனைந்திருந்தது.

"திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டதும்மா" என்றார்.